பூந்தொட்டி மண்ணிலுள்ள சிறு பூச்சிகள்

கொல்கத்தா நகரில் ஜூன் மாத இடையில் பருவமழை தொடங்கிச் சில நாட்கள் சென்றதும், தாழ்வாரங்களிலும் மொட்டை மாடிகளிலும் தொட்டிச் செடி வளர்ப்போர் ஒரு காட்சியைக் காண்பது வழக்கம். செடிக்கு நீர் ஊற்றும்போது மண்ணின் மேற்பரப்பில் எள்ளினும் சிறிய வெண்ணிறப் பொருள்கள் மிதந்தெழுந்து, மறுகணமே துள்ளி மறைகின்றன. வேறு சில வீடுகளில் சன்னற் கண்ணாடியின்மீது கறுத்த சிறு ஈக்கள் ஊர்கின்றன. செடி அழிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் கடைக்குச் சென்று, கைக்குக் கிடைத்த மருந்தை வாங்கி வந்து மண்ணில் இடுகிறார்கள். குழந்தைகள் விளையாடுகின்ற, சமையலறைக்கு அடுத்த தாழ்வாரத்தில் இவ்வாறு நஞ்சு சேர்கின்றது. ஆனால் அந்த நஞ்சினால் மடிவன பெரும்பாலும் செடிக்கு எத்தீங்கும் செய்யாத பிராணிகளேயாகும்.

முன்னாளில் இதற்கென வீடுதோறும் கமாக்சின் பொடி தூவப்பட்டது. அதன் மூலப்பொருளான பி.எச்.சி. இந்தியாவில் 1997ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. பின்னர் போரேட் என்னும் குருணை மருந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. வயலுக்கென விற்கப்பட்ட இக்குருணையைத் தேக்கரண்டியால் எடுத்துத் தொட்டியில் இடும் பழக்கம் நம் நாட்டின் பல நகரங்களிலும் இருந்தது. மனிதருக்கு மிகக் கொடிய நஞ்சாகிய அதுவும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எஞ்சிய பொட்டலங்களை வீட்டில் வைத்திருப்போர் இருப்பின், அதைப் பயன்படுத்தலாகாது என்பதைக் களப்பணியாளர் அழுத்தமாக எடுத்துரைக்க வேண்டும்.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், மண்ணில் இருப்பது எது என்று அறிவது அவசியம். கொல்கத்தாவைப் பொறுத்தவரை இவ்வறிவுக்குக் குறைவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை 1916 ஜூலை முதல் நாள் அந்நகரில்தான் நிறுவப்பட்டது. அதன் தலைமையகம் இன்றும் அங்கேயே, நியூ அலிப்பூரில் உள்ளது. அதற்கும் முன்பே இந்திய அருங்காட்சியகத்தின் விலங்கியற் பிரிவு மண்வாழ் சிற்றுயிர்களைச் சேகரித்து வந்தது. அலகாபாத்தில் பேராசிரியராயிருந்த ஏ. டி. இம்ஸ் என்பவர் இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் துள்ளுவால் பூச்சிகளைப் பற்றி 1912இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில், ஈக்களும் கொசு போன்றவையும் அடங்கிய இருசிறகிப் பூச்சிகளின் ஒரு பெரும் பிரிவைப் பற்றிய நூல் ஒன்று வெளிவந்தது. அதனை எழுதிய புருனெட்டி தொழிலால் ஓர் இசைவாணர். பல்லாண்டுகள் கல்கத்தாவில் வாழ்ந்த அவர், இசைக்கு நடுவே ஈக்களை ஆராய்ந்தார் என்பது பள்ளி மாணவருக்குச் சொல்லத்தக்க செய்தி.

இனி, துள்ளி மறைந்த வெண்பொருளைக் காண்போம். ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்டெயில்' எனவும், விஞ்ஞான வழக்கில் 'கொலம்போலா' எனவும் வழங்கும் இவற்றைத் துள்ளுவால் பூச்சிகள் எனலாம். நீளம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். சிறகு கிடையாது; கால்கள் ஆறு. வயிற்றின் அடிப்புறத்தில் கவட்டை போன்ற ஓர் உறுப்பு முன்னோக்கி மடிந்து, ஒரு கொக்கியினால் பூட்டப்பட்டிருக்கும். பூச்சி அஞ்சும்போது கொக்கி விடுபடுகிறது. கவட்டை தரையை உதைக்கிறது. உடல் தன் நீளத்தைப்போலப் பன்மடங்கு தூரம் எறியப்படுகிறது. எத்திசையில் விழுவோம் என்பது அதற்கே தெரியாது. எலிப்பொறியின் வில் தெறிப்பதை நினைத்துக்கொண்டால் மாணவருக்கு இது எளிதில் விளங்கும்.

இவற்றின் தோல் நீரை ஒட்டவிடுவதில்லை. ஆதலால்தான் தொட்டியில் நீர் நிற்கும்போது இவை மூழ்காமல் மிதக்கின்றன. எனினும் அத்தோல் மிக மெல்லியது. காற்று வறண்டால் உடலின் ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். எனவே ஈரமில்லாத இடத்தில் இவை வாழா. ஸ்காட்லாந்தில் ரைனி என்னுமிடத்துப் பாறையில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட துள்ளுவால் பூச்சியின் புதைபடிவம் கிடைத்துள்ளது. பறக்கும் பூச்சிகள் தோன்றியதற்கு அது மிகப் பழைய சான்றன்று. நிலத்தில் ஆறுகால் பிராணிகள் வாழத் தொடங்கியதற்கே சான்று. வாயுறுப்புகள் தலைக்குள் மறைந்திருத்தல் முதலிய காரணங்களால் இக்காலத்து வகைப்பாட்டு அறிஞர் இவற்றை உண்மையான பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. வழக்கு கருதி இங்கே பூச்சி என்றே குறிக்கப்படுகின்றன.

இவை உண்பது யாது? பூஞ்சையிழைகள், பாசி, மட்கும் இலை ஆகியன. நலமாயிருக்கும் வேரை இவை தொடுவது அரிது. மிகப் பெருகிய காலத்தில் இளநாற்றின் மெல்லிய தண்டைச் சுரண்டுவதுண்டு, அது விதிவிலக்கு. காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் இவை பதினாயிரக் கணக்கில் வாழ்கின்றன. மட்கு உண்டாவதில் இவற்றின் பங்கு சிறிதன்று. ஆகவே தொட்டியில் துள்ளுவால் பூச்சி மிகுந்திருந்தால், அது செடியின் நோயைக் காட்டவில்லை. மண்ணில் நீர் மிகுந்திருப்பதைக் காட்டுகிறது. அவற்றுடனே மெல்ல ஊரும், பளபளப்பான பழுப்பு நிறமுடைய, எட்டுக்கால் கொண்ட கடின ஓட்டு மண்ணுண்ணிகளும் இருக்கக்கூடும். அவையும் மட்குண்ணிகளே, அவற்றைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை.

சன்னலில் காணும் கறுத்த ஈயின் நிலை வேறு. இது பூஞ்சை ஈ எனப்படும் சியாரிட் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் நீளமும், மெலிந்த நீண்ட கால்களும், நூல் போன்ற உணர்கொம்புகளும் உடையது. தோற்றத்தில் கொசுவை ஒத்திருப்பதால், டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சும் கொல்கத்தாவில் இது வீட்டாரைக் கலங்கச் செய்கிறது. பூஞ்சை ஈ கடிப்பதில்லை. நோய் எதையும் மனிதருக்குப் பரப்புவதில்லை. கொசுவுக்குரிய நீண்ட குத்தூசி வாய் இதற்கு இல்லை என்பதைக் கைவில்லையால் காட்டினால் ஐயம் நீங்கும். ஆயினும் ஒன்று கூறவேண்டும். தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. மண்ணிலுள்ள ஈயைக் கண்டு அஞ்சும் பலர் அத்தட்டைக் கவனிப்பதே இல்லை. வாரம் ஒருமுறையேனும் அந்நீரைக் கொட்டித் தட்டின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டியிருக்குமாதலால் கொட்டுவது மட்டும் போதாது.

பூஞ்சை ஈயின் புழுவே செடிக்குத் தீங்கு செய்வது. கண்ணாடி போன்ற வெண்ணுடலும் பளபளக்கும் கருந்தலையும் இதன் அடையாளம். வளர்ந்த புழு ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும். ஈரமண்ணின் மேற்புறத்து ஓரிரு அங்குலத்திற்குள்ளேயே பெரும்பாலும் வாழும். பூஞ்சையும் மட்கும் கிடைக்கும்வரை அவற்றையே உண்ணும். புழுக்கள் பெருகினால் மெல்லிய வேர்மயிர்களையும் நாற்றின் அடித்தண்டையும் கடிக்கும். அவ்வழியே அழுகல் நோய் புகும். முற்றிய செடி இதைத் தாங்கிக்கொள்ளும். துளிர்விட்ட கன்றும், வேரூன்றாத பதியனும் தாங்கா. கொல்கத்தாவில் குளிர்காலப் பூக்காட்சிக்கென மழைக்காலத்திலேயே செவ்வந்திப் பதியன்களைத் தொட்டியில் வேரூன்றச் செய்வோர் மிகப் பலர். அவர்களுக்கு இப்புழு வெறும் தொல்லையன்று. ஓராண்டு உழைப்பையே கெடுக்க வல்லது. வெப்பமான காலத்தில் முட்டை ஈயாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களே ஆகும்.

இந்நகரத்து வழக்கமொன்று இவ்வீக்களுக்குப் பெரிதும் உதவுகிறது. கடுகுப் பிண்ணாக்கைப் பல நாட்கள் நீரில் ஊறவைத்து, நாற்றமெழும் அந்நீரைச் செடிக்கு ஊற்றுவதே அது. தமிழ்நாட்டில் நிலக்கடலைப் பிண்ணாக்கை இவ்வாறே செய்கிறோம். உரம் என்ற முறையில் அது நல்லதே. ஆனால் ஏற்கெனவே மழையால் நனைந்த மண்ணில், நீர்க்கச் செய்யாமல் ஊற்றினால் மேற்பரப்பில் பூஞ்சை படர்ந்து ஈக்களுக்கு விருந்தாகிறது. மழை மாதங்களில் இவ்வுரத்தை நிறுத்திவைப்பதும், ஊறல் பாத்திரத்தை இறுக மூடிவைப்பதும் தக்கவை.

புழு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. உருளைக்கிழங்கை விரற்கனத் துண்டாக அரிந்து, அரிந்த முகம் மண்ணில் படும்படி வைத்து, மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். புழுக்கள் துண்டின் அடியில் வந்து கூடியிருக்கும். எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டால், பரிகாரம் பலித்ததா என்பதைப் பிறகு ஒப்பிடலாம்.

பரிகாரத்தில் முதன்மையானது நீரைக் குறைத்தல். மேல்மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்திற்கு உலர்ந்த பின்னரே மறுபடி நீர் ஊற்ற வேண்டும். இது எளிதெனத் தோன்றும். ஆனால் நாள்தோறும் காலையில் நீர் ஊற்றுவதையே செடிக்குச் செய்யும் உபகாரம் எனக் கருதுவோரை மாற்றுவது கடினம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ஊற்றும் பழக்கத்தைக் கற்பிப்பதே வழி. பறக்கும் ஈக்களைப் பிடிக்க, பசை தடவிய மஞ்சள் அட்டையை மண்ணுக்கு அருகே கிடையாக வைக்கலாம். கன்றுகள் நிறைந்த இடத்தில் இவை போதாவிடில், பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரேலன்சிஸ் என்னும் பாக்டீரியத்தை நீரில் கலந்து மண்ணில் ஊற்றலாம். 1976இல் இஸ்ரேல் நாட்டு நெகேவ் பாலைநிலத்தில் கண்டெடுக்கப்பட்ட இது, கொசுப் புழுவை ஒழிக்க உலகெங்கும் பயன்படுவது. பூஞ்சை ஈயின் புழுவையும் கொல்லும். மனிதருக்கோ வீட்டு விலங்குகளுக்கோ தீங்கு செய்வதில்லை. புழுவை மட்டுமே கொல்லுமாதலால் வாரம் ஒருமுறையாகச் சில தடவை ஊற்ற வேண்டியிருக்கும்.

மேற்கூறிய அனைத்திற்கும் மாறானது வேர் மாவுப்பூச்சி. இதனை மண்ணின்மேல் காண இயலாது. காரணமின்றிச் செடி வாடி, இலை மஞ்சளித்து, நீர் ஊற்றியும் தேறாதபோது, செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேரின்மீதும் தொட்டியின் உட்சுவரிலும் வெண்மாவு அப்பியதுபோல் தோன்றினால் ஐயுறலாம். பூஞ்சையும் இவ்வாறு தோன்றும். கடையில் வாங்கும் மண்கலவையிலுள்ள வெண்ணிறப் பெர்லைட் மணிகளும் ஏமாற்றும். பெர்லைட்டை நசுக்கினால் நறநறவென நொறுங்கும். பூச்சியை நசுக்கினால் ஈரம் கசியும். எறும்புகள் தொட்டிக்குள் இடையறாது சென்று வருமாயின் அதுவும் ஒரு குறிப்பு. பூச்சி கழிக்கும் இன்னீருக்காக எறும்புகள் அதனைக் காத்து நிற்கும்.

இப்பூச்சி வறண்ட மண்ணிலேயே நன்கு பெருகும். ஆகவே துள்ளுவால் பூச்சிக்கும் பூஞ்சை ஈக்கும் சொன்ன பரிகாரத்தை இதற்குச் செய்தால், பூச்சி வளரும், செடி மடியும். கள்ளியினச் செடிகளை வளர்ப்போர் இவ்விடத்தில்தான் பெரிதும் தவறுகின்றனர். பாதிக்கப்பட்ட செடியைத் தனியே ஒதுக்கி, பழைய மண்ணை முழுதும் உதறி நீக்கி, வேரை ஓடும் நீரில் கழுவி, கெட்ட வேரை நறுக்கி, புதுமண்ணில் நடவேண்டும். தொட்டியைக் கொதிநீரில் கழுவுதல் நன்று. பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டலாகாது. இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் வேரைப் பார்க்க வேண்டும். ஒருமுறை கழுவியதில் எல்லாம் ஒழிந்தது என்று நம்புவதற்கில்லை. பாக்பஜார் அருகே காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலோ வேறிடத்திலோ வாங்கிய புதுச் செடியைச் சில வாரம் தனித்து வைத்தபின் மற்றச் செடிகளோடு சேர்ப்பது நல்ல வழக்கம்.

தொட்டிக்கென வாங்கும் ஆற்று வண்டலையும் சாண எருவையும் கோடையிலேயே தூய்மை செய்துகொள்ளலாம். நனைத்த மண்ணைக் கனமின்றிப் பரப்பி, தெளிவான பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை இறுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் கடும் வெயிலில் விட்டால், மண்ணுள் உஷ்ணம் ஏறிப் பூச்சியும் முட்டையும் பெரும்பாலும் மடியும். சித்திரை, வைகாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

பள்ளியில் இவ்வுயிர்களைக் காட்ட விரும்பும் ஆசிரியர், 1905இல் இத்தாலியரான பெர்லீஸ் அமைத்து, பின்னர் சுவீடன் நாட்டுத் துல்கிரென் மின்விளக்கைச் சேர்த்துத் திருத்திய புனலைச் செலவின்றிச் செய்யலாம். பிளாஸ்டிக் புட்டியின் மேற்பாதியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, கழுத்தருகே கொசுவலைத் துண்டைப் பொருத்தி, ஒரு கைப்பிடி ஈரமண்ணை அதன்மேல் இட வேண்டும். அடியில் சிறிது நீர் கொண்ட கிண்ணம் இருக்கட்டும். மேலே ஒரு சாண் உயரத்தில் 25 வாட் இழைவிளக்கைத் தொங்கவிட வேண்டும். எல்.ஈ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தராது. அதனால் இச்சோதனைக்கு ஆகாது. மேல்மண் உலர உலர, பிராணிகள் ஈரத்தை நாடிக் கீழிறங்கிக் கிண்ணத்தில் விழும். இரண்டு மூன்று நாட்களில் நல்ல சேகரம் கிடைக்கும். சாராயத்தில் பாதுகாப்பதாயின், அதனை விளக்கிற்கு அருகில் கொண்டுசெல்லாமல், சேகரித்த பின்னர்த் தனியே ஊற்ற வேண்டும். ஒவ்வொரு குப்பியிலும் ஊர், நாள், எந்தச் செடியின் மண் என்பவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே இடுக. மை சாராயத்தில் கரைந்துவிடும். சோதனைக்குப்பின் உலர்ந்த மண்ணை நனைத்து அதே தொட்டியில் திரும்ப இடலாம்.