கட்செவியும் கைப்பழக்கமும்

பாம்புக்குக் 'கட்செவி' என்றொரு பெயர் தமிழில் உண்டு. கண், செவி என்னும் இரு சொற்கள் புணர, ணகர மெய் டகர மெய்யாகத் திரிந்தமைந்த பெயர் இது. கண்ணையே செவியாகவும் உடையது என்பது இதன் பொருள். பாம்புக்குப் புறச்செவி இல்லை என்பதை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருந்தனர். ஆயினும் அதற்கு உட்செவி உண்டு. அது தாடை எலும்போடு தொடர்புடையது. தரையின் அதிர்வை நன்கு உணர்வது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் பாம்பு ஓரளவு கேட்கும் என இக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. மகுடிக்கு முன் அது அசைவது இசையில் மயங்கியன்று. குழலின் அசைவைக் கண்ணால் தொடர்ந்தே அசைகிறது.

வளர்ப்புப் பாம்பின் குட்டி கையை நீட்டியவுடன் சீறுவதும் கொத்த வருவதும் ஏன்? சினம் என்பர் பலர், அஃது அச்சமே. மலைப்பாம்பின் தாய் முட்டைகளைச் சுற்றிக் கிடந்து காக்கும். குட்டிகள் வெளிவந்தபின் அவற்றைப் பேணுவதில்லை. பருந்து, உடும்பு, பூனை எனப் பகை பல. குட்டிக்கோ துணை யாருமில்லை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்தின் நிழலே.

இதை உணர்ந்தால் பழக்கும் முறை தானே விளங்கும். புதிதாக வந்த குட்டியை ஒரு வாரம் தொடாது விடவேண்டும். ஒளிந்துகொள்ள இருண்ட சிறு இடமும், நீரும், ஏற்ற வெம்மையும் போதும். எடுக்குமுன் கைகளைக் கழுவுதல் நன்று. எலியின் மணம் கையில் இருந்தால் கையே இரையாகத் தோன்றும். கை மெல்ல, பக்கவாட்டிலிருந்து செல்லவேண்டும். தலையைப் பற்றுதலும் உடலை இறுக்குதலும் கூடா. நடுவுடலைத் தாங்கி, அது தானே ஊர்ந்து செல்லக் கையை விட்டுக்கொடுத்தல் வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் போதும். இரை உண்டபின் இரண்டு நாளேனும் எடுத்தல் தகாது, உண்டதைக் கக்கிவிடும். கண் மங்கித் தோலுரிக்கும் காலத்திலும் தொடலாகாது. இவ்வாறு பழகிய குட்டி நாளடைவில் அமைதியுறும். அஃது அன்பன்று, இக்கை தீங்கு செய்யாது என்னும் பழக்கமே. அவ்வளவிற்கு மனிதன் நிறைவு கொள்ளவேண்டும்.

மென்மையே திறம் என்பதற்கு இருளர் சான்றாவர். பாம்புத் தோல் வாணிகம் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த அம்மக்கள், 1978ஆம் ஆண்டு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் அது நடைபெறுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்தபின், பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுவர். அந்நஞ்சினின்றே கடிக்கு மாற்று மருந்து ஆக்கப்படுகிறது. அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர், 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

இவ்வறிவு செனாய் வட்டாரத்தார்க்கும் வேண்டுவதே. செம்பனைத் தோட்டங்களில் எலி மிகுதி. எலியை நாடி மலைப்பாம்பும் நாகமும் வரும். குட்டி சிறிதென்று சிறுவர் கையில் எடுத்தல் பெருந்தவறு. மலைப்பாம்புக்கு நஞ்சில்லை; நாகக் குட்டிக்கோ முட்டையை விட்டு வரும்போதே நஞ்சுண்டு. இரண்டையும் பிரித்தறியாத கை எட்டி நிற்பதே அறிவுடைமை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மலைப்பாம்பை உரிமமின்றி வைத்திருத்தலும் குற்றமாகும். வீட்டருகே பாம்பைக் கண்டால் 999 என்னும் எண்ணுக்கு அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையின் உதவியை நாடலாம்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படையைக் கண்டு பாம்பும் நடுங்குகிறது என்பதையும் மாணவர்க்குச் சேர்த்துச் சொல்லுதல் நலம். அதை அறிந்த பிள்ளை பாம்பைக் கண்டவுடன் கல்லெடுக்காது. கையில் எடுக்கவும் துணியாது.