மருந்தைச் சோதிக்கும் முன் ஏட்டைப் பாருங்கள்

காஞ்சிபுரம் காரப்பேட்டையில், 1969-ல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அதுபோன்ற ஓரிடத்தில் புதிய மருந்து ஒன்றைச் சோதிக்க நினைத்தால் முதல் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. தகுதியான நோயாளிகள் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

‘மாதம் இருபது பேராவது வருவார்கள்’ என்று மருத்துவர் ஞாபகத்திலிருந்து சொல்வதுண்டு. வயது, நோயின் கட்டம், சிறுநீரகத்தின் நிலை என்று நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டால் அந்த எண்ணிக்கை மளமளவென்று கரையும். நோயாளி விவரங்கள் கணினியில் ஒழுங்காக இருந்தால் இதை முன்கூட்டியே பார்க்கலாம். ‘சர்க்கரை நோய் இருப்பவர் வேண்டாம்’ என்ற ஒரு வரி எத்தனை பேரை வெளியே தள்ளுகிறது என்று தெரிந்தால், அந்த வரி தேவைதானா என்று யோசிக்கலாம். எண்ணுவதற்கு யாருடைய பெயரும் வேண்டாம். ஆளைச் சேர்க்கும்போதுதான் ஒப்புதல் வேண்டும்.

ஏட்டின் பலத்தைத் திண்டுக்கல் மாவட்டத்தில் கண்கூடாகப் பார்த்தோம். கருப்பைவாய்ப் புற்றுநோயை அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தே கண்டறியும் எளிய முறையை, 2000-ல் தொடங்கி 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் சோதித்தார்கள். யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்பதை அம்பிளிக்கை புற்றுநோய்ப் பதிவேட்டின் துணையோடு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். அந்நோயால் நேரும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்ற முடிவு 2007-ல் வெளிவந்தது. பதிவேடு இல்லாவிட்டால் அந்த எண்ணை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீடு தேடிவந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அந்த விவரங்களும் நாளை ஆய்வுக்கு உதவலாம். ஆனால் என் கவலை அந்த ஏட்டின் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது: தொழில். குழித்தறியில் கால் தொங்கவிட்டு நாள் முழுக்கக் குனிந்து பட்டு நெய்பவரின் முதுகுவலிக்கும், ஜரிகையில் கண் பதித்திருப்பவரின் பார்வைக் குறைவுக்கும் சிகிச்சை தேட ஆய்வு வேண்டும். ஏட்டில் அவர் ‘கூலி’ என்று இருந்தால், எந்தக் கணினியும் அவரைக் கண்டுபிடிக்காது.

நெசவாளர்களே, அடுத்த முறை மருத்துவமனையில் சீட்டுப் போடும்போது, அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: பட்டு நெசவு, குழித்தறி, இத்தனை வருஷம்.