யாருமே யோசிக்காத பதில்

1969-ல் மாட்டிக்கிட்ட டாக்டர் ஒரு வீடியோவில் பேசுகிறார். 2007-ல் அதை டிவிடியில் பார்க்கிற சாலி ஏதாவது கேட்டால், திரைக்குள்ளிருந்து கரெக்டா பதில் வருது! 'டாக்டர் ஹூ' தொடரின் 'பிளிங்க்' எபிசோட் இது.

எப்படி? டாக்டர் பேசியதை முன்னாடியே எழுதி வெச்சிருந்த லாரி, சாலியின் கேள்விகளையும் அதோடு சேர்த்து எழுதுகிறான். ஒரு வருஷம் கழித்து, இன்னும் 1969-க்குப் போகாத டாக்டரைப் பார்த்ததும் சாலி அந்தத் தாள்களைக் கொடுத்துவிடுகிறாள். அதைப் படிச்சுத்தான் அவர் வீடியோவில் பேசுவார்.

கேள்விகள் சாலியுடையவை. பதில்களை யோசித்தது யார்? யாருமே இல்லை! காரணமும் விளைவும் வட்டமா சுத்துது. இதைத்தான் பூட்ஸ்ட்ராப் பாரடாக்ஸ்னு சொல்றாங்க.

ஆனா வட்டம் தானா மூடிக்கல. ஒரு வருஷமா அதையே நினைச்சுத் தவிச்ச சாலி, தாள்களைக் கொடுத்த பிறகுதான் லாரியின் கையைப் பிடிக்கிறாள்.