கல் கோயிலைச் செங்கல்லில் எழுதினால்: இடைக்காட்டூர்

மதுரையிலிருந்து மானாமதுரை போற வழியில இருக்கு இடைக்காட்டூர் திரு இருதய ஆலயம். 1894-இல் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் செல் கட்டியது. பிரான்ஸின் ரெய்ம்ஸ் பேராலயத்தோட காப்பின்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1211-இல் தொடங்கின ரெய்ம்ஸ் கல்லால ஆனது. இது அதைவிட ரொம்பச் சின்னது, செங்கல்.

கல்லுன்னா கட்டற இடத்துலயே செதுக்கிச் சரிபண்ணலாம். சுட்ட செங்கல்ல அந்த வசதி இல்ல. கூரான வளைவு, தூண் விளிம்பு, பூவேலைன்னு வடிவத்துக்கு ஒரு அச்சு வேணும். மண் காயும்போதும் சுருங்கும், சூளையிலயும் சுருங்கும். அதைக் கணக்குப் போட்டு அச்சைப் பெருசா செய்யணும். டிப்ளாய் பண்ணதுக்கப்புறம் பக் ஃபிக்ஸ் கிடையாதுங்க!

இன்னைக்கும் இதான் சிக்கல். வளைவுல ஒரு செங்கல் உடைஞ்சா சாதாரணச் சூளையில மாத்து கிடைக்காது. உடையாத ஒண்ணை அளந்து, புது அச்சு செஞ்சுதான் ஆகணும்.