சிதம்பரத்தில் பயின்ற நம்மாழ்வார்

கடலூர் மாவட்டத்தார் டிசம்பர் 30ஆம் நாளை எளிதில் மறவார். 2011இல் அந்நாளில்தான் தானே புயல் நம் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2013இல் அதே நாளில் கோ. நம்மாழ்வார் காலமானார். அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற பட்டதாரி. நாமும் அங்கே பயின்றமையால், வகுப்புத் தோழர் ஒருவரை நினைப்பது போலவே அவரை நினைக்கிறோம். வயதில் அவர் நம் பாட்டனார்க்கு நிகரானவர் என்பது வேறு செய்தி.

1938இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், 1963இல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். பட்டதாரிக்கு அந்நாளில் அதனினும் மேலான உத்தியோகம் ஏது? கரிசல் நிலத்தில் பருத்திக்கும் சிறுதானியங்களுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, எவ்வளவு உரமிடுவது என்று சோதித்தனர். ஆனால் வானம் பார்த்த அப்பூமியின் உழவரோ, விதைக்கும் உரத்துக்கும் கடன்பட வேண்டியவர். மழை பொய்த்தால் பயிர் போகும், கடன் போகாது. இவ்வாராய்ச்சியால் அவ்வுழவர்க்குப் பயனில்லை எனக் கண்டு 1969இல் வேலையை விட்டார். பின்பு, நோபல் பரிசு பெற்ற டொமினிக் பியர் பாதிரியார் நிறுவிய அமைப்பின் சார்பில் களக்காட்டில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். மனைவியும் மகளும் உடைய குடும்பஸ்தர். எனினும் ஊர் ஊராக நடந்த நாள்களே மிகுதி.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் நமக்கு இவ்விடத்தில் சிறிது கூச்சம் உண்டு. பயிர்க்கடனில் ஒரு பகுதியை உரமூட்டையாக வழங்கி வருபவை நம் கடன் சங்கங்களே. உரமே இடாத அங்கத்தினர் ஒருவர், அப்பகுதிக்கு ஈடாகத் தொழு உரம் வாங்கப் பணம் தரலாகாதா என்று வினவியபோது நம்மிடம் விடை இல்லை. நம்மாழ்வார் கூறிய யாவும் நமக்கு உடன்பாடன்று. மகசூல் குறையக்கூடிய முதற் சில ஆண்டுகளைச் சிறு உழவர் எங்ஙனம் தாங்குவார் என்பதற்குத் தெளிவான கணக்கு வேண்டும். அங்கத்தினரின் கேள்வி மட்டும் நம்மை விடவில்லை.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் உப்பேறிய வயல்களை மீட்க அவர் துணைநின்றார். தக்கைப்பூண்டு விதைத்து, அது பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல் அதற்கேற்ற எளிய முறை. பரங்கிப்பேட்டைப் பக்கத்து அங்கத்தினர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

2009இல் கரூர் மாவட்டம் கடவூரில் வானகம் என்னும் பண்ணையை நிறுவினார். காவிரிப் படுகையில் மீத்தேன் எடுப்பதை எதிர்த்து ஊர்தோறும் பேசி வந்த நாள்களில், பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் உயிர் துறந்தார்; வானகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2020இல் அப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய 5 வட்டாரங்களும் அதில் அடங்கும்.