பனிக்காட்டுப் பொறிப்பாதை – 6: தோல் காயும் கொட்டகை

பொறிவரிசையைச் சுற்றி முடித்து, இருட்டும் நேரத்தில் பனிவண்டி வீட்டு முற்றத்துக்கு வந்துசேர்ந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் சில மார்ட்டன்கள், இரண்டு பீவர்கள், ஒரு செந்நரி. எல்லாம் கல்லாக உறைந்து கிடக்கின்றன. வேட்டை முடிந்தது என்று நமக்குத் தோன்றும். வடக்கு ஒன்டாரியோவில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. பாதி வேலை இனிமேல்தான். காசு வருமா வராதா என்பது தெரிவதும் இந்தப் பாதியில்தான்.

விலங்கைக் கொல்வது சரியா என்ற கேள்வியில் வாசகர்கள் பலர் என்னோடு உடன்படாமல் இருக்கலாம். அந்த விவாதம் தேவையானது. ஆனால் உயிர் போனபிறகு ஒரு கடமை மிச்சமிருக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகலாம் என்று நம்புகிறேன். எடுத்த தோல் கவனக்குறைவால் அழுகிப்போனால் அந்தச் சாவு வீண். காட்டில் காட்டும் திறமையைவிடக் கொட்டகையில் காட்டும் பொறுமையை வைத்தே ஒரு பொறிக்காரரை நான் எடைபோடுவேன்.

இது புதிய அளவுகோலும் இல்லை. 1670-ல் இங்கிலாந்து அரசரின் சாசனத்தோடு தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனி, விரிகுடாக் கரையில் நடத்திய பண்டமாற்றுக்கு 'மேட் பீவர்' என்ற அலகை வைத்திருந்தது. குளிர்காலத்தில் பிடித்து, கொழுப்பு வழித்து, விரித்து, ஒழுங்காகக் காயவைத்த வளர்ந்த பீவரின் தோல் ஒன்றுதான் அந்த அலகு. துப்பாக்கி, கம்பளி, கெண்டி எல்லாவற்றின் விலையும் இத்தனை மேட் பீவர் என்றே சொல்லப்பட்டது. சரியாகக் காயாத தோல் அந்தக் கணக்கில் முழுதாக ஏறாது. பிரெஞ்சு வணிகர்கள் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்கள். விரித்துக் காயவைத்த தோல் ஒரு வகை. பழங்குடி மக்கள் மேலங்கியாகத் தைத்து, ரோமம் உடம்பில் படும்படி அணிந்து பழகிய தோல் மற்றொரு வகை. உடம்பின் எண்ணெயும் உராய்வும் பட்டு நீண்ட மேல்ரோமம் உதிர்ந்துவிடும். தொப்பிக்கு வேண்டிய மெத்தென்ற அடிரோமம் மட்டும் மிஞ்சும். ஐரோப்பியத் தொப்பிக்காரர்கள் தொடக்கத்தில் அதைத்தான் போட்டிபோட்டு வாங்கினார்கள்.

தோலை வழித்ததும் காயவைத்ததும் பெரும்பாலும் க்ரீ, ஓஜிப்வே பெண்கள். பீவர் தோலை வளைத்த மரக்கொம்புச் சட்டத்துக்குள் வைத்து, ஓரமெல்லாம் துளையிட்டுக் கயிறு கோத்து இழுத்துக் கட்டினார்கள். ஃபர் வணிகத்தில் பெண்களின் இடத்தைப் பற்றி சில்வியா வான் கர்க் 1980-ல் ஒரு நூலே எழுதினார். அதுவரை வரலாற்றாசிரியர்கள் படகோட்டிகளையும் கோட்டைத் தலைவர்களையும் பற்றித்தான் அதிகம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைய கொட்டகைக்கு வருவோம். பலர் வீட்டின் நிலவறையில் தொடங்குகிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கொழுப்பு நாற்றமும், செத்த விலங்கைவிட்டு இறங்கும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் வீட்டுக்குள் வரக்கூடாதவை. வீட்டைச் சூடாக்கும் உலை காற்றை அளவுக்கு மீறி வறட்சியாக்கிவிடும் என்பது இன்னொரு காரணம். வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, 12 அடிக்கு 16 அடியில் ஒரு மரக்கொட்டகை இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். அதற்குள் ஒரு தடுப்புச் சுவர் கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் ஈர வேலை: உறைந்த விலங்கை இளக்குவது, உரிப்பது, வழிப்பது. மறுபக்கம் காயவைக்கும் அறை. இரண்டையும் ஒரே அறையில் வைத்தால், இங்கே கிளம்பும் ஈரம் அங்கே காயும் தோலில் போய் உட்காரும். ஈரப் பகுதியின் தரை கழுவிவிடக்கூடியதாகவும், விளக்கு வெளிச்சம் கையின் நிழல் வேலையில் விழாதபடியும் இருக்கவேண்டும். சுவரின் அடிப்பகுதியைத் தகரம் அடித்து அடைத்துவிட வேண்டும். மொத்தப் பருவத்தின் உழைப்பையும் ஓரிரு இரவுகளில் எலி கடித்துத் தீர்த்துவிடும்.

அடுப்புதான் கொட்டகையின் பெரிய சிக்கல். வெளியே மைனஸ் 30 டிகிரி இருக்கும். காயும் அறைக்கு வேண்டியது 15 முதல் 20 டிகிரி வரை, ஈரப்பதம் பாதியளவு. விறகடுப்பு மாலையில் அனலாய்க் கொதிக்கும். விடியும்போது அணைந்து கிடக்கும். சூடு கூடினால் தோலின் மேற்பரப்பு முறுகி இறுகிவிடும், உள்ளே ஈரம் சிறைப்பட்டிருக்கும். பதனிடும் தொட்டியில் ஊறவைக்கும்போது அந்தத் தோல் விரிசல்விட்டுக் கிழியும். குளிர் கூடினாலோ காய்வது நின்றுபோய், ரோமத்தின் வேர் இளகத் தொடங்கும். வெப்பமானியைக் கண்மட்டத்தில் மாட்டிவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். தோல்களோ மேலே கூரைக் கம்பிகளில் தொங்குகின்றன. சூடான காற்று அங்கேதான் போய்த் தங்குகிறது. வெப்பமானியும் அங்கேதான் தொங்கவேண்டும். அடுப்பு எதிர்மூலையில் இருக்கட்டும். மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுழன்று காற்றைக் கலக்கினால் போதும், தோலை நோக்கி நேராக வீச வேண்டியதில்லை.

உறைந்த மார்ட்டனை அடுப்பருகே வைத்து அவசரமாக இளக்குவது தொழில் பழகாதவர்கள் செய்வது. காதும் பாதமும் வயிறும் முதலில் இளகி வெதுவெதுப்பாகும், நடுவுடம்பு இன்னும் பனிக்கட்டியாகவே இருக்கும். நடுவுடம்பு இளகும் நேரத்துக்குள் வயிற்றுத் தோல் கெடத் தொடங்கியிருக்கும். குளிர்ந்த அறையில் இரவெல்லாம் வைத்து, இடையிடையே திருப்பிவிடுவதே வழி. தண்ணீரில் பிடிபட்ட பீவருக்கும் நீர்நாய்க்கும் அழகான ஓர் உபாயம் உண்டு. பிடித்த இடத்திலேயே பொடிப்பனியில் புரட்டி எடுப்பார்கள். உலர்ந்த பனி ரோமத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரத்தக் கறையைக் குளிர்ந்த நீரால் துடைத்து, சேறும் முள்விதையும் போகச் சீவிய பிறகுதான் கத்தியை எடுக்கவேண்டும்.

உரிப்பதில் இரண்டு முறைகள். மார்ட்டன், மிங்க், நரி, மஸ்க்ராட், லின்க்ஸ் ஆகியவற்றுக்குப் பின்னங்கால் குதிகாலிலிருந்து மறு குதிகால் வரை ஒரே கீறல். பிறகு காலுறையைக் கழற்றுவதுபோல் தோலை முழுக்குழாயாகத் தலைவரை இழுத்து எடுப்பார்கள். வால் எலும்பை உருவிவிட்டு வாலை நீளவாக்கில் கீறித் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் உள்ளிருந்து அழுகும். பீவருக்கு மட்டும் தாடையிலிருந்து வயிற்று நடுக்கோட்டில் கீறி, விரித்த தோலாக எடுப்பது வழக்கம்.

உட்புறம் வெளியே தெரியும்போது தோல் ஒரு செய்தியைச் சொல்லும். முழுக் குளிர்கால ரோமம் வளர்ந்து முடிந்த விலங்கின் தோல் உட்புறம் வெளிர் பாலேட்டு நிறத்தில் இருக்கும். பருவத்துக்கு முன்பே பிடித்ததென்றால் நீலமும் கருமையும் கலந்திருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் ரோமவேர்களின் நிறமி அப்படித் தெரிகிறது. தரம் பார்ப்பவர் ஏலக்கூடத்தில் இதைப் பார்த்தமாத்திரத்தில் கண்டுகொள்வார். மார்ட்டன் குளிரின் தொடக்கத்திலேயே தேறிவிடும், பீவர் குளிர்காலத்தின் பின்பாதியில்தான் நன்றாகத் தேறும். அவசரப்பட்டு முன்னதாகப் பொறி வைத்தவரின் பேராசை தோலின் உட்புறத்திலேயே பதிவாகிவிடுகிறது.

அடுத்தது வழித்தல். சாய்வாக நிறுத்திய வழவழப்பான உருட்டுக்கட்டை மேல் தோலைப் போர்த்தி, இடுப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு முனையிலும் கைப்பிடி உள்ள கத்தியால் கொழுப்பையும் சவ்வையும் தள்ளி எடுக்கவேண்டும். மரத்தூள் தூவினால் பிடிமானம் கிடைக்கும், கொழுப்பும் ரோமத்தில் ஒட்டாது. பிசின் உள்ள மரத்தின் தூளைத் தவிர்ப்பது நல்லது. இந்த வேலையில் ஆழம்தான் எல்லாம். கொழுப்பை விட்டுவைத்தால் அது காற்றுபட்டுச் சிக்கெடுத்து, தோலை உள்ளிருந்தே எரித்துவிடும். அளவுக்கு மீறிச் சுரண்டினால் ரோமவேர்கள் அறுபட்டு, மறுபக்கம் கொத்துக் கொத்தாக உதிரும். இரண்டு குற்றங்களும் அன்றைக்கே தெரியாது. மாதங்கள் கழித்து, எங்கோ ஒரு பதனிடும் தொட்டியில் வெளிப்படும். அப்போது அந்தத் தோலை யார் வழித்தார் என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாருமில்லை. பார்வைக்கு வராத பிழைக்கும் பொறுப்பேற்று வேலை செய்யும் பொறிக்காரர்கள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் போகும் ஆட்டுத்தோல் மாட்டுத்தோல் உப்பில் கிடந்து வருவதை அறிந்த வாசகர்கள் கேட்கக்கூடும், இங்கே உப்பு ஏன் இல்லை என்று. அங்கே ரோமத்தை நீக்குவதுதான் பதனிடுதலின் முதற்படிகளில் ஒன்று. இங்கே ரோமம்தான் சரக்கு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தோல் முழுதாகக் காய்ந்து நிற்காது. ஃபர் ஏலத்துக்குப் போகும் தோல் வெறும் காற்றில் காய்ந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

பிறகு பலகை. ஒவ்வொரு விலங்குக்கும் அளவு குறித்த, முனை ஒடுங்கிய மரப்பலகை இருக்கிறது. குழாயாக உரித்த தோலை அதன்மேல் இழுத்து மாட்டி, மூக்கு முனையில் நடுவாக நிறுத்தி, அடியில் ஆணி அடிக்கவேண்டும். வயிற்றுப் பக்கம் பலகைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய மர ஆப்பு ஒன்றைச் செருகிவைப்பார்கள். காயும்போது தோல் சுருங்கிப் பலகையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆப்பை உருவினால் தளர்ந்துவிடும். ஆப்பு வைக்க மறந்தால் காய்ந்த தோலைக் கிழிக்காமல் கழற்ற முடியாது.

மிங்க்கும் மஸ்க்ராட்டும் தோற்புறம் வெளியே இருக்கக் கடைசிவரை காயும். நரி, மார்ட்டன், லின்க்ஸ், கொயோட் ஆகியவை ரோமம் வெளியே தெரிய விற்பனைக்குப் போகவேண்டும். அவற்றை முதலில் தோற்புறம் வெளியே இருக்க மாட்டிக் காயவிட்டு, பாதியில் கழற்றி, உள்வெளியாகத் திருப்பி மறுபடி மாட்டவேண்டும். எந்த நேரத்தில் என்பதில்தான் கைத்தேர்ச்சி இருக்கிறது. தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது, மடக்கினால் இன்னும் வளையவேண்டும். முந்தினால் உள்ளே போன ஈரம் புளித்து நாறும். பிந்தினால் தோல் காகிதமாக விறைத்து, திருப்பும்போது காதோரம் கிழியும். கழுத்தும் தொடையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்குவத்துக்கு வருவதில்லை. உதடும் காதும் தனிக்கணக்கு. கடிகாரம் இதற்கு உதவாது, அந்த இரவின் குளிரும் அடுப்பின் நிலையும் ஒவ்வொரு முறையும் வேறு. அதனால்தான் தூக்கத்தைவிட்டு எழுந்து, விளக்கைப் போட்டு, ஒவ்வொரு தோலாகத் தடவிப் பார்க்கிறார்கள்.

பீவரை ஒட்டுப்பலகையில் வரைந்த நீள்வட்டக் கோட்டின்மேல் நெருக்கமாக ஆணி அடித்து விரிப்பார்கள். அடித்தபின் தோலை ஆணிகளின் மேலேயே சற்றுத் தூக்கிவிட்டால் அடியிலும் காற்று ஓடும். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி 65 அங்குலத்துக்கு மேல் வந்தால் அது 'பிளாங்கெட்', பெரிய அளவு. அளவு கூடட்டும் என்று முரட்டுத்தனமாக இழுப்பவர்கள் உண்டு. அப்போது ரோம அடர்த்தி குறைந்துபோகும், தரம் இறங்கும்.

கொட்டகையில் உடம்பைப் பாதுகாப்பது பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பீவர், மஸ்க்ராட், முயல் ஆகியவற்றிலிருந்து துலரீமியா என்னும் பாக்டீரியா நோய் கையின் சிறு கீறல் வழியாக நுழையும். நரி, கொயோட், ஓநாய் ரோமத்தில் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் ஒட்டியிருக்கலாம். அவை மனித ஈரலில் கட்டிகளாக வளரக்கூடியவை. கையுறை, முகக்கவசம், சோப்பு, வெளியே மாற்றிவிட்டு வரும் உடுப்பு எல்லாம் கட்டாயம். கொட்டகைக்குள் சாப்பாடு கூடாது.

உரித்த உடல்களுக்கும் இடம் ஒதுக்கவேண்டும். பீவர் இறைச்சியைக் குடும்பங்கள் விரும்பி உண்கின்றன; அதன் வாசனைச் சுரப்பிகளைத் தனியே காயவைத்து விற்கலாம். சில மாகாணங்களிலும் பிரதேசங்களிலும் உயிரியலாளர்கள் வுல்வரீன் போன்றவற்றின் உடல்களைக் கேட்டு வாங்குகிறார்கள். பல்லின் குறுக்குவெட்டில் வளையங்களை எண்ணி வயதைக் கணித்து, காட்டில் இனத்தின் நிலையை அறிகிறார்கள். கிழக்கு ஜேம்ஸ் பே பகுதியின் க்ரீ மக்கள் பீவரின் எலும்புகளை நாய் கடிக்க விடமாட்டார்கள். தண்ணீருக்கே திருப்பிக் கொடுப்பார்கள், மண்டையோட்டை மரத்தில் கட்டுவார்கள். தன்னைக் கொடுத்த விலங்கு மதிக்கப்பட்டால்தான் மறுபடி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொட்டகை கட்டும் எவரும் இந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டு தொடங்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

இவ்வளவு உழைப்புக்கும் இன்று விலை குறைவு. டொராண்டோவில் இயங்கிய பெரிய ஏல நிறுவனமான நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ் 2019-ல் கடன் நெருக்கடியில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஸ்கார்பரோவில் நம்மவர்கள் பலரும் அணிந்த குளிர்சட்டைகளின் தலைமூடி ஓரத்தில் கொயோட் ரோமம் வைத்த கனடா கூஸ் நிறுவனம், ஃபர் வாங்குவதை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவித்தது. மிஞ்சிய தோல்களில் பெரும்பகுதி நார்த் பே நகரில் 1991 முதல் இயங்கும் ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஆக்‌ஷனுக்குப் போகிறது. பழங்குடிப் பொறிக்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது.

அனுப்பும் நாளில் தோற்புறம் வெளியே உள்ளவற்றையும் ரோமம் வெளியே உள்ளவற்றையும் தனித்தனியாகக் கட்டவேண்டும்; ஒன்றின் எண்ணெய் இன்னொன்றின் ரோமத்தில் படக்கூடாது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். சாக்கு அல்லது அட்டைப்பெட்டி, ஒவ்வொரு தோலுக்கும் ஓர் அடையாள அட்டை. பீவரை மடிக்காமல் தட்டையாக அடுக்கவேண்டும். அந்தப் பெட்டி நார்த் பேயில் திறக்கப்பட்டு, தரம் பிரிப்பவரின் மேசைக்குப் போவதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)