வயல்காட்டுக் கதையில் யார் ‘வந்தார்’, யார் ‘வந்தான்’?

தஞ்சை நெல்வயலை வைத்துக் கதை எழுத உட்கார்ந்தால் முதல் சிக்கல் இதுதான்: நாற்று நடுகிறவரை என்ன சொல்லி எழுதுவது? ‘ஹரிஜன்’ காந்தி பரப்பிய பெயர். பலர் இப்போது ஏற்பதில்லை. ‘ஆதி திராவிடர்’ கேட்டு வாங்கிய பெயர்; எம்.சி.ராஜா வலியுறுத்த, 1922-ல் சென்னை மாகாண அரசு ஏற்றது. பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளுக்கு ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற பொதுப்பெயர் 2021-ல் சட்டமானது.

அப்போ பழைய வசைச்சொல் கதையில் வரவே கூடாதா? வரலாம். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட காலத்தை எழுதும்போது, பண்ணையார் வாயில் மரியாதையைத் திணித்தால் அது பொய். ஆனா, கதை சொல்பவருக்கு என்ன கட்டாயம்? பண்ணையாரின் இருபது வயது மகன் ‘வந்தார்’, அறுபது வயது கூலித் தொழிலாளி ‘வந்தான்’ என்று எழுதினால், பெயரே சொல்லாமல் சாதி தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் வினைச்சொற்களின் கடைசி எழுத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்க.